பாதிக் கார் வாங்கின காலம்: மகாராஜா ரோல்ஸ் ராய்ஸிலிருந்து கரூர் பஸ் வரை

ஜி.எஸ்.டி. ரோட்டிலோ ஓசூர் ஹைவேயிலோ போகும்போது இந்தக் காட்சியை நீங்க பார்த்திருப்பீங்க. எதிரே ஒரு பெரிய வண்டி வரும். நாலு சக்கரம் இருக்கும், எஞ்சின் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும். ஆனா கூரை இல்லை, சுவர் இல்லை, கதவு இல்லை. தலையில் துணி கட்டி, கண்ணாடி மாட்டி, வெறும் இரும்புச் சட்டத்து மேல ஒரு சீட்ல உட்கார்ந்து ஒருத்தர் ஓட்டிட்டு வருவார். எலும்புக்கூடு ரோட்ல நடந்து வர்ற மாதிரி இருக்கும்.

அது சேஸிஸ். பாக்டரியிலிருந்து பாடி கட்டுற இடத்துக்குப் போயிட்டிருக்கு. "பாடி கட்டுறது" என்கிற இந்த வார்த்தை நமக்கு ரொம்பச் சாதாரணம். லாரிக்காரர் வீட்டுல, "வண்டி வந்தாச்சா?" என்று கேட்டா, "சேஸிஸ் எடுத்தாச்சு, பாடி கட்டிட்டிருக்கு" என்று பதில் வரும்.

நூறு வருஷம் முன்னாடி லண்டனில் ஒரு பிரபு ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினாலும் இதே பதில்தான் சொல்லியிருப்பார். உலகத்தின் மிக விலையுயர்ந்த, மிக அரிதான பழைய கார்களில் பல இந்த முறையில் பிறந்தவை. அந்தக் கார்களோட கதையையும், அந்தத் தொழில் நம்ம ஊரில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும்தான் இந்த எபிசோட்ல பார்க்கப் போறோம். கடைசியில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. அதுக்காகத்தான் இந்த எபிசோடே.

பாதிக் கார்தான் தருவாங்க

இன்னைக்கு ஷோரூம் போனா முழுக் கார் கிடைக்கும். கலர் மட்டும் நாம சொல்லலாம். 1920-களில் ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, டியூசன்பெர்க் மாதிரி கம்பெனிகளுக்குப் போனா அவங்க விற்றது சேஸிஸ் மட்டும்தான். சட்டம், எஞ்சின், கியர், சக்கரம், முன்னாடி ரேடியேட்டர், அவ்வளவுதான். கம்பெனியின் டெஸ்ட் டிரைவர் அதுமேல ஒரு தற்காலிக சீட்டைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். நம்ம ஹைவே டிரைவர் மாதிரியே.

அந்தச் சேஸிஸ் அப்புறம் கோச்-பில்டர் என்கிற வேற ஒரு கம்பெனிக்குப் போகும். லண்டனில் பார்க்கர், ஹூப்பர், கர்னி நட்டிங். பாரிஸில் சாவுச்சிக், ஃபிகோனி. இவங்களில் பல கம்பெனிகள் குதிரை வண்டி கட்டிப் பழகிய பட்டறைகள். அதனால்தான் கார் உலகத்தின் பழைய வார்த்தைகள் பல குதிரை லாயத்திலிருந்து வந்தவை. ஃபேட்டன், லாண்டோ, கூபே, கேப்ரியோலே எல்லாமே முதலில் குதிரை வண்டி வகைகளின் பெயர்கள். நாம தினமும் சொல்ற டேஷ்போர்டுகூட அப்படித்தான். குதிரைக் குளம்பு தெறிக்கிற சேறு வண்டிக்காரர் மேல படாம இருக்க முன்னாடி வெச்ச பலகைக்குத்தான் அந்தப் பெயர்.

வேலை எப்படி நடக்கும்? முதலில் வண்டியின் உருவத்தை முழு அளவில் வரைவாங்க. ஆஷ் என்கிற மரத்தில் எலும்புச் சட்டம் போடுவாங்க. நெகிழ்வா இருக்கும், ஆணியும் ஸ்குரூவும் நல்லாப் பிடிக்கும் என்பதால் அந்த மரம். அதுமேல அலுமினியமோ இரும்புத் தகடோ. அந்தத் தகட்டை மணல் மூட்டை மேல வெச்சுச் சுத்தியால் தட்டி, இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமா வளைவு கொண்டு வருவாங்க. ஒரு மட்கார்டு வளைவு முழுக்க முழுக்க ஒரு மனுஷனோட கை. இடது பக்க மட்கார்டும் வலது பக்க மட்கார்டும் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இருப்பது அந்தக் காலத்து வண்டிகளில் சகஜம்.

பெயின்ட் வேலை இன்னும் மோசம். 1920-களின் நடுவில் சீக்கிரம் காயும் செல்லுலோஸ் பெயின்ட் பரவுவதற்கு முன்னாடி, வார்னிஷைப் பூச்சு மேல் பூச்சாகப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, வாரக்கணக்கில் போகும்.

நம்ம பாஷையில் சொன்னா, பேக்எண்ட் ஒரு கம்பெனி, ஃபிரண்ட்எண்ட் இன்னொரு கம்பெனி. நடுவில் இன்டர்ஃபேஸ் என்பது சட்டத்தில் இருக்கிற சில போல்ட் ஓட்டைகள். இந்தப் பிரிவினால் ஒரு விசேஷம் நடந்தது. எஞ்சின் பழசாகாம பாடி மட்டும் பழசானா, பாடியைக் கழற்றி வேற பாடி கட்டலாம். அப்படி ஒரே சேஸிஸ் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று பாடி மாறுவது சாதாரணம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் வேணும்.

தேரும் ஒரு கார்தான்

இந்தச் சேஸிஸ்-பாடி பிரிவு நமக்குப் புதுசா என்று கேட்டா, இல்லை. நான் இருக்கிற அபிஷேகப்பாக்கத்திலிருந்து வில்லியனூர் ரொம்பத் தூரமில்லை. அங்கே திருக்காமீஸ்வரர் கோயில் தேர்த் திருவிழா பிரபலம். பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து மக்களோட சேர்ந்து வடம் பிடிச்சார். இன்னைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

ஒரு தேரை உத்துப் பாருங்க. கீழே அச்சு, சக்கரம், சிற்பம் செதுக்கின மர அடுக்குகள். இது வருஷம் முழுக்க தேரடியில் நிற்கும். திருவிழா வந்தா மேலே கம்பும் மூங்கிலும் கட்டி, தேர்ச்சீலை போர்த்தி, தொம்பை தொங்கவிட்டு, உச்சியில் கலசம் வைப்பாங்க. முடிஞ்சதும் கழற்றிடுவாங்க. கீழே சேஸிஸ், மேலே பாடி! இலுப்பை மரத்தில் தேர் செய்த தச்சர்களும், அச்சுக்கும் சக்கரத்துக்கும் பட்டை அடிச்ச கொல்லர்களும் இந்த ஊர்களில் எப்பவும் இருந்தாங்க. சக்கரமும் அச்சும் பழசானா மாற்றுவாங்க. திருச்சி பெல் நிறுவனம் பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செஞ்சு கொடுத்திருக்கு. ஆனாலும் அது அதே சாமியோட அதே தேர்தான். வெள்ளைக்காரன் தேருக்கு இங்கிலீஷில் என்ன பெயர் வெச்சான் தெரியுமா? கார். தேரோடும் வீதிகள் பல ஊர்களில் "கார் ஸ்ட்ரீட்" ஆனது அப்படித்தான்.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு வண்டியும் உண்டு. பூஸ்-பூஸ். பிரெஞ்சில் "பூஸ்" என்றால் தள்ளு. ரிக்‌ஷா மாதிரிதான், ஆனா இழுக்கிற ஆள் முன்னாடி இல்லை. பின்னாடியிருந்து தள்ளுவாங்க. உள்ளே சொகுசா உட்கார்ந்திருக்கிற துரை, கையிலிருக்கிற கம்பியைத் திருப்பி முன்சக்கரத்தை ஓட்டுவார். எஞ்சின் இல்லாத மோட்டார் கார் என்றே சொல்லலாம், மனுஷன்தான் எஞ்சின். இதைச் சொல்றதுக்குக் காரணம், மோட்டார் வர்றதுக்கு முன்னாடியே மரத்தையும் இரும்பையும் துணியையும் தோலையும் வெச்சு வண்டி கட்டத் தெரிஞ்ச கைகள் இங்கே தயாரா இருந்தன என்பதுதான்.

சிம்சன் ஸ்டாப்புக்குப் பின்னால்

சென்னை நண்பர்களுக்கு "சிம்சன்" என்றால் அண்ணா சாலையில் ஒரு பஸ் ஸ்டாப், பக்கத்தில் பெரியார் சிலை. அந்தப் பெயருக்குச் சொந்தமான சிம்சன் அண்டு கம்பெனி 1840-ல் தொடங்கினது. குதிரை வண்டிகள் கட்டித்தான் பெரிய ஆளானாங்க. கவர்னர்கள், ராஜாக்கள், ஜமீன்தார்கள் எல்லாருக்கும் கோச் கட்டின கம்பெனி. ரயில் பெட்டியும் கட்டினாங்க.

1903-ல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் என்கிற பொறியாளர் நீராவியில் ஓடுற ஒரு காரைக் கட்டினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் என்ற பெயர் அதுக்குத்தான். மெட்ராஸ் ரோட்டில் மோட்டார் வண்டியே அதிசயமா இருந்த காலம் அது. அந்த ஊரில் பதிவான முதல் காரான எம்.சி. 1, துறைமுகத்தைக் கட்டியெழுப்பின சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று சொல்லப்படுகிறவர் கட்டடக் கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார், அவருடைய நம்பர் எம்.சி. 3.

அப்புறம் நடந்தது இயல்பான மாற்றம். குதிரை போச்சு, மோட்டார் வந்தது, ஆனா பட்டறையும் ஆட்களும் அதே. கோச் கட்டினவங்க கார் பாடி கட்டினாங்க, அடுத்து பஸ் பாடி கட்டினாங்க. 1938-ல் எஸ். அனந்தராமகிருஷ்ணன் சிம்சனையும் வேறு பல கம்பெனிகளையும் ஒன்றாக்கி அமால்கமேஷன்ஸ் குழுமத்தை அமைச்சார். சென்னை ஆட்டோமொபைல் ஊராக மாறியதில் அவருக்குப் பெரிய பங்கு. இன்னைக்குச் சிம்சன் டீசல் எஞ்சின் செய்யும் கம்பெனி. குதிரையிலிருந்து டீசல் வரைக்கும் ஒரே பெயர்ப் பலகை!

கல்கத்தா, பம்பாயிலும் இதே மாதிரி பாடி கட்டும் பட்டறைகள் இருந்தன. கப்பலில் முழுக் காரையும் கொண்டு வர்றதைவிடச் சேஸிஸ் மட்டும் கொண்டு வந்து இங்கே பாடி கட்டுவது இடத்துக்கும் சிக்கனம், காசுக்கும் சிக்கனம். ஆஷ் மரத்துக்குப் பதில் இங்கே தேக்கு. நம்ம வெயிலையும் மழையையும் கரையானையும் தாங்குற மரம்.

மகாராஜாக்கள் என்ன கேட்டாங்க?

பணக்கார ராஜாக்கள் மட்டும் லண்டனுக்கே ஆர்டர் அனுப்பினாங்க. அவங்க கேட்டவற்றைப் பார்த்தா அந்தச் சமூகமே தெரியும். ராணிகள் வெளியாட்கள் கண்ணில் படக்கூடாது என்பதால் திரைச்சீலையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட கோஷா கார்கள். காட்டுக்குப் போக, உயரமான சக்கரம், துப்பாக்கி வைக்கிற தாங்கிகள், பெரிய சர்ச்லைட் வெச்ச வேட்டைக் கார்கள். ஊர்வலத்துக்கு, ராஜா கூட்டத்துக்கு நல்லாத் தெரியணும் என்று பின்சீட்டை உயர்த்தின தர்பார் கார்கள். ஹைதராபாத் நிஜாம் மஹபூப் அலி கான் ஆர்டர் செய்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் அப்படிப்பட்டது. மஞ்சள் நிறம், பார்க்கர் கட்டின பாடி, பின்னாடி சிம்மாசனம் மாதிரி உயர்ந்த இருக்கை. அவர் 1911-ல் இறந்துட்டார். கார் அடுத்த நிஜாமுக்குப் போச்சு.

இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் வேற ரகம். நவீனக் கலையில் பைத்தியமா இருந்தவர். 1936-ல் அமெரிக்க டியூசன்பெர்க் சேஸிஸ் மேல லண்டன் கர்னி நட்டிங் பாடி கட்டின இரண்டு பேர் கார் ஒன்றை வாங்கினார். அமெரிக்க எஞ்சின், இங்கிலீஷ் பாடி, இந்திய முதலாளி. இன்றைக்கு உலகத்தில் பேசப்படும் டியூசன்பெர்க்களில் அதுவும் ஒன்று.

ஆனா எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடுறது கல்கத்தாவின் அன்னக் கார். இது ராஜா கேட்டதுகூட இல்லை. ஆர்.என். மேத்யூசன் என்கிற பணக்கார வெள்ளைக்காரர் 1910-ல் இங்கிலாந்தின் புரூக் கம்பெனியிடம் சொல்லிக் கட்டினது. காரின் முன்பாதி முழுக்க மரத்தில் செதுக்கின அன்னப்பறவை. ராத்திரியில் கண்கள் எரியும். மூக்கிலிருந்து சூடான தண்ணீரைப் பீய்ச்சி வழியில் நிற்கிறவங்களை விலக்கும். எக்ஸாஸ்ட் புகையில் வாசிக்கிற ஆர்கன் ஒன்று. உச்சக்கட்டமா, பின்னாடி ஒரு வால்வைத் திறந்தா பறவை எச்சம் போட்ட மாதிரி சுண்ணாம்புக் கரைசல் ரோட்டில் விழும். கல்கத்தா ரோட்டில் இது இறங்கினதும் கூட்டமும் கலவரமும் ஆகி, போலீஸ் வந்து இனிமேல் ரோட்டில் ஓட்டக்கூடாது என்று சொல்லிட்டாங்க. அப்புறம் பஞ்சாபில் நாபா மகாராஜாவிடம் போய், இப்போ நெதர்லாந்தில் லூவ்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சிரிப்பா இருக்கு, சரி. ஆனா வெந்நீர் யார் மேல பீய்ச்சப்பட்டது என்று யோசிங்க. நடந்து போற இந்தியர் மேல. இந்தக் கார்களின் அழகையும் அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பிரிச்சுப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு வாட்ஸ்அப் கதையையும் தீர்த்து வைச்சிடலாம். "ஷோரூமில் அவமானப்பட்ட இந்திய மகாராஜா, ரோல்ஸ் ராய்ஸ்களை வாங்கிக் குப்பை அள்ள வெச்சார்" என்று வருமே, அதுதான். சில சமயம் அல்வர் ராஜா, சில சமயம் பரத்பூர், சில சமயம் பாட்டியாலா. ஒவ்வொரு தடவையும் ராஜா மட்டும் மாறுவார். கதை நம்ம தன்மானத்துக்கு நல்லா இருக்கு, ஆதாரம்தான் இல்லை.

தொழில் எப்படிச் செத்தது?

1922-ல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டா, 1934-ல் பிரான்சின் சித்ரோயன் டிராக்சியோன் அவான். இந்த இரண்டு கார்களும் ஒரு கேள்வி கேட்டன: சட்டம் தனி, பாடி தனி எதுக்கு? பாடியையே உறுதியா செஞ்சா அதுவே சட்டமா இருக்காதா? இதைத்தான் மோனோகாக் என்கிறோம். முட்டை ஓடு மாதிரி, ஓடுதான் எலும்பு.

எடை குறைஞ்சது, உறுதி கூடினது. ஆனா இதுக்கு ராட்சத பிரஸ் மெஷினும் அச்சுகளும் வேணும். அந்த அச்சுக்கு ஆகிற செலவு, ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கில் கார் செஞ்சால்தான் திரும்பக் கிடைக்கும். ஒருத்தருக்கு ஒரு வடிவம் என்ற தொழிலுக்கு அங்கே இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் 1946-ல் பென்ட்லியே பாக்டரியில் பாடி போட்ட காரை விற்க ஆரம்பிச்சாங்க. 1965-ல் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ மோனோகாக்காக வந்தது. கோச்-பில்டர்கள் ஒவ்வொருத்தரா மூடினாங்க, இல்லை பெரிய கம்பெனிகளுக்குள் கரைஞ்சாங்க.

நம்ம வண்டலூரில் இதுக்கு ஒரு சுவாரசியமான விதிவிலக்கு ஓடிச்சு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. உங்க தாத்தா யாராவது வைத்திருந்திருப்பார். 1950-களில் பிரிட்டனில் ஸ்டாண்டர்ட்-டிரயம்ப் கம்பெனிக்குப் பாடி செஞ்சு கொடுத்தவங்களைப் போட்டிக் கம்பெனி வாங்கிட்டது. வேற வழியில்லாம, தனிச் சேஸிஸ் மேல துண்டு துண்டான பாடியைப் போல்ட் போட்டுப் பொருத்துற மாதிரி ஹெரால்டை அமைச்சாங்க. வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி, கோச்-பில்டர் உலகத்திலிருந்து வந்தவர். 1961-லிருந்து அது மெட்ராஸில் தயாரானது. போல்ட்டில் நிற்கிற பாடி என்பதால் மாற்றுவது சுலபம். 1960-களின் கடைசியில் நம்ம ஊர்க் கம்பெனி அதில் நாலு கதவு வெச்சுக் கட்டினது. பிரிட்டனில் இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உண்டு. 1972-ல் அதே அடிப்படையில் கேஸல் வந்தது.

சாகலை, வேற வண்டிக்கு மாறிச்சு

கார் பாடி தொழில் செத்த அதே காலத்தில் பஸ்ஸும் லாரியும் பெருகின. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோட ஆரம்பிச்சார். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டினார். ஊர் ஊரா பஸ் கம்பெனி முளைச்சது. எல்லாருக்கும் சேஸிஸ் வெளியிலிருந்து வந்தது, பாடி உள்ளூரில் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ, பஸ்ஸில் ஒரு கரி அடுப்பைப் பொருத்தி, கரி வாயுவில் ஓட்டினாங்க. அந்த வாயுக் கருவியை டி.வி.எஸ். சொந்தமா வடிவமைச்சுச் செஞ்சது. பழைய தலைமுறை பேசுற "கரி பஸ்" அதுதான்.

1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பமாகி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. சேஸிஸ் நம்ம மாநிலத்திலேயே கிடைக்க ஆரம்பிச்சது. கரூர் பஸ் பாடிக்குப் பெயர் வாங்கினது. நாமக்கல் லாரி பாடிக்கும் டேங்கருக்கும், திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளுக்கும். தென்னிந்தியா முழுக்க ஓடுற தனியார் பஸ்களில் எத்தனையோ கரூரில் பாடி கட்டினவை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சொந்தமா பாடி கட்டும் பணிமனைகளை நடத்தினாங்க.

இந்தப் பட்டறைக்குள்ள வேலைப் பிரிவைப் பாருங்க. பிட்டர், வெல்டர், டிங்கர், தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், குஷன் வேலை செய்றவர். 1925-ல் லண்டனில் ஹூப்பர் பட்டறைக்குள்ள போனாலும் இந்த வேலைக்காரர்களில் பலரைப் பார்த்திருக்கலாம். முதலாளி வந்து, "டிரைவர் பக்கம் ஜன்னல் இன்னும் கொஞ்சம் பெருசா வேணும், முன்னாடி முருகன் படம், லெட்டர் எங்க ஊர் பெயின்டர் எழுதணும்" என்று சொல்லி வாங்குறார் இல்லையா, அது ஹோல்கர் மகாராஜா செஞ்ச அதே வேலை. கோச்-பில்டர் கார் கதவுக்குக் கீழே சின்னப் பித்தளைத் தகட்டில் தன் பெயரைப் பொறிச்சார். நம்ம பாடி கட்டினவர் பஸ் உடம்பில் தன் பட்டறைப் பெயரை எழுதறார். இரண்டிலும் கைவேலை செஞ்ச ஆளோட பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது.

எல்லாம் அழகு என்று சொல்ல வரலை. கையால் கட்டின பாடி விபத்தில் நசுங்கி ஆட்கள் செத்திருக்காங்க. அதனால்தான் ஏ.ஐ.எஸ். 052 என்கிற பஸ் பாடி விதித்தொகுப்பு வந்தது. அவசர வழி எத்தனை, சீட் எவ்வளவு இழுப்பைத் தாங்கணும், அளவு எவ்வளவு என்று எல்லாத்துக்கும் கணக்கு. தேவையான விதிதான். அதே சமயம், வரைபடம், சோதனை, சான்றிதழ் என்று ஆகிற செலவு சின்னப் பட்டறைக்குப் பெரிய சுமை. லாரிப் பக்கமும் இதே திசைதான். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். டிரைவருக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனா கேபின் பாக்டரியிலேயே முடிஞ்சு வந்தா, மரத்தில் கேபின் கட்டின தச்சருக்கு அங்கே வேலை இல்லை. 1934-ல் பாரிஸில் நடந்தது இப்போ நாமக்கல்லில் மெதுவா நடக்குது.

எது ஒரிஜினல்?

இப்போ நான் சொன்ன சட்டச் சிக்கல். 1971-ல் மன்னர் மானியம் ரத்தானது. ராஜா வீடுகளில் பணம் வற்றிப் போய், கார்கள் லாயத்தில் தூசி படிஞ்சு நின்றன. வெளிநாட்டு வியாபாரிகள் வந்து அள்ளிட்டுப் போனாங்க. 1972-ல் அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்தத் தடையால்தான் மிச்சக் கார்கள் இங்கே நின்றன. இன்னைக்குக் கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம், 2023-ல் திறந்த சென்னை ஏ.வி.எம். ஹெரிட்டேஜ் மியூசியம் மாதிரி இடங்களில் பழைய கார்களை நாமும் போய்ப் பார்க்கலாம்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல பழசான வண்டியைத் தனிப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். தினசரி ஓட்ட முடியாது; கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பராமரிப்பு, இதுக்கு மட்டும். நல்ல விதி. ஆனா இரண்டு நிபந்தனைகளைக் கவனிங்க.

முதல் நிபந்தனை: வண்டி ஒரிஜினல் வடிவத்தில் இருக்கணும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மாருதி 800-க்கு இது தெளிவான விதி. ஆனா பாடி மாற்றுவதற்காகவே பிரிச்சு வெச்ச ஒரு காருக்கு? 1925-ல் லண்டனில் ஒரு பாடி, 1938-ல் மெட்ராஸில் தேக்குச் சட்டத்தில் இன்னொரு பாடி. இதில் எது ஒரிஜினல்? சர்வதேசச் சந்தை லண்டன் பாடிக்குத்தான் விலை வைக்கும். அதனால் இங்கே கட்டின பாடியைக் கழற்றிப் போட்டுட்டு, பழைய போட்டோவைப் பார்த்து லண்டன் பாடியின் நகலைப் புதுசா கட்டத் தோணும். அப்படிச் செஞ்சா மெட்ராஸ் தச்சரின் நிஜமான வேலை குப்பைக்குப் போகும், நகலுக்குக் கோப்பை கிடைக்கும். தேர் விஷயத்தில் நம்ம ஊர் இந்தத் தப்பைச் செய்யலை. கட்டை மாறினாலும் சக்கரம் மாறினாலும் அது தேரோட வரலாறு என்றுதான் எடுத்துக்கறோம். காருக்கும் அந்தக் கண்ணைக் கொடுக்கலாம். இங்கே கட்டின பாடியும் அந்த வண்டியோட ஒரிஜினல்தான் என்பது என் கட்சி.

இரண்டாவது நிபந்தனை இன்னும் முக்கியம். இந்த விண்டேஜ் வரையறை சொந்த உபயோக இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு மட்டும். வணிக உபயோக வண்டிக்கு இடமில்லை. அதாவது பஸ் கிடையாது, லாரி கிடையாது. லண்டனில் பிறந்த ராஜா காருக்குச் சட்டத்தில் கௌரவம் இருக்கு. அதே தொழிலை நம்ம கை எடுத்து, முழுக்க நம்ம மரத்தில், நம்ம வடிவத்தில் கட்டின பஸ்ஸுக்கு இல்லை. அதுக்கு இருக்கிறது ஸ்கிராப் விதி மட்டும்தான். அரசு வண்டி என்றால் 15 வருஷத்தில் பதிவு ரத்து என்று 2023 ஏப்ரல் 1-லிருந்து விதி.

ராஜா காரில் சில ஆயிரம் பேர் போயிருப்பாங்க. அந்த பஸ்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மொத்தமா போயிருக்கு. பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, முதல் வேலைக்கு. மர ஜன்னல் சட்டம், தார்ப்பாய் ஷட்டர், கையால் எழுதின ஊர்ப் பெயர், இதெல்லாம் இருந்த ஒரு பஸ்ஸை முழுசா காப்பாற்றி வைக்க ஒரு வரி விதி போதும். வணிக வண்டிகளுக்கும் காட்சிக்காக ஒரு விண்டேஜ் பதிவு. புகையும் விபத்தும் பிரச்சினை என்றால் ரோட்டில் ஓட்ட வேண்டாம், மியூசியத்தில் நிற்கட்டும். கரூரிலோ நாமக்கல்லிலோ ஒரு பாடி கட்டும் அருங்காட்சியகம் வந்தா, அங்கே ஒரு வெறும் சேஸிஸ், பாதி கட்டின ஒரு பாடி, முடிஞ்ச ஒரு வண்டி, இந்த மூன்றையும் வரிசையா நிறுத்தினாலே போதும். கூடவே ரிடையர் ஆன டிங்கர்களையும் தச்சர்களையும் கூப்பிட்டுப் பேச வெச்சுப் பதிவு செய்யணும். அந்த வேலை புத்தகத்தில் இல்லை, கையில்தான் இருக்கு. கைக்கும் வயசாகுது.

உங்க வீட்டுப் பழைய ஆல்பத்தில் ஏதாவது ஒரு பஸ், லாரி, வேன் முன்னாடி நின்னு எடுத்த போட்டோ இருந்தா, ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க. முக்கியமா, பாடி கட்டினவர் பெயர் எங்கேயாவது தெரியுதா என்று ஜூம் பண்ணிப் பாருங்க. தெரிஞ்சா ஊர், பட்டறைப் பெயர், வருஷம், அதில் வேலை பார்த்த யாராவது இன்னும் இருக்காங்களா என்று கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்க. போதுமான அளவு சேர்ந்தா அதையே தனி எபிசோடா பண்ணலாம்.